ஒளித்தவன் கடன்

மணலை நீண்ட வரம்பாக அணைத்து, அதனுள்ளே சிறியதொரு ஈர்க்குத் துண்டை ஒளித்துவிட்டு, "எங்கே, கண்டுபிடி பார்க்கலாம்" என்று எதிரே இருப்பவனை அழைக்கும் விளையாட்டை நம்மில் ஆடாதவர் அரியர். கிச்சுக்கிச்சுத் தம்பலம் என்பது அதன் பெயர். ஒளிப்பவன் இரு விரல்களால் துண்டைப் பற்றி, மணலுக்குள்ளே முன்னும் பின்னுமாக ஓட்டி, எதிரியின் கண்ணை ஏமாற்றி ஓரிடத்தில் விட்டுவிடுவான். தேடுபவன் இரு கைகளையும் கோத்து, தான் ஐயுற்ற இடத்தை மூடுவான். துண்டு கைக்குள் அகப்பட்டால் வெற்றி அவனுக்கு. அகப்படாவிட்டாலோ, ஒளித்தவன் தன் கையாலேயே அதை எடுத்துக் காட்டவேண்டும். "இங்கேதான் வைத்தேன், இதோ பார்" என்று காட்ட இயலாதவன் கள்ளன். மறுநாள் அவனோடு விளையாட ஒருவரும் வரமாட்டார்கள். இவ்வளவு சிறிய விளையாட்டுக்குள்ளும் எவ்வளவு பெரிய நியாயம் இருந்தது, பாருங்கள்!

இந்த நியாயத்தை நான் மறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சென்ற ஆண்டு ஆடி மாதம் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தமக்கையின் மகன் அதனை மீண்டும் நினைவூட்டினான்.

அவனுக்கு வயது இருபத்தாறு. ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலே பிறந்து வளர்ந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான். எழுதுவதிலே சற்றுத் தடுமாற்றம். பரந்தனுக்கு அண்மையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று மாலையே தன் பயணப் பெட்டியைத் திறந்தான். அம்மாவுக்குச் சேலை, எனக்கு ஒரு பேனை, பிள்ளைகளுக்கு இனிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தபின், அடியிலே எஞ்சியிருந்தவை இருபது பிளாஸ்ரிக் பெட்டிகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவினது. மூடியின் நான்கு பக்கமும் இறுகப் பூட்டும் கொளுவிகள். உள்ளே ஒரு சிறு கொப்பியும் ஒரு துண்டுப் பென்சிலும் இருந்தன.

"மாமா, இதுகளை வன்னியிலை ஒளிக்க வேணும். நல்ல இடங்களாய்ப் பாத்துக் காட்டுவீங்களோ?" என்றான்.

அம்மா அந்தப் பெட்டிகளை ஏறிட்டுப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

விளையாட்டின் பெயர் ஜியோகாஷிங் என்றும், உலகெங்கும் பல இலட்சம் பேர் இதில் ஈடுபட்டிருக்கின்றனர் என்றும் மருமகன் விளக்கினான். ஒருவர் ஒரு பெட்டியை எங்கேனும் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளை உலகறிய வெளியிடுவார். மற்றவர்கள் கைக்கருவியின் துணைகொண்டு தேடிவந்து, பெட்டியைத் திறந்து, கொப்பியிலே பெயரும் திகதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே அதனைத் திரும்ப வைத்துவிட்டுச் செல்வார்கள். பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. தேடிக் கண்டோம் என்ற மகிழ்ச்சி ஒன்றே பரிசு.

இதன் வரலாறு சுவையானது. பூமியைச் சுற்றிவரும் செய்மதிகள் நாம் நிற்குமிடம் இன்னதென்று கருவிகளுக்கு உணர்த்துகின்றன. தன் செய்மதிகள் தரும் குறிப்பை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கு வேண்டுமென்றே சற்று மயக்கி வழங்கிவந்தது. பிழை நூறு மீற்றர் வரையிலும் இருக்கக்கூடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி அம்மயக்கம் நீக்கப்பட்டது. மறுநாளே ஒறிகன் மாநிலத்திலே டேவ் அல்மர் என்பவர் கறுப்பு வாளியொன்றைக் காட்டோரமாக மறைத்து வைத்து, இடத்தின் குறிப்பை வெளியிட்டார். வாளிக்குள்ளே குறிப்புப் புத்தகம், பென்சில், சில நூல்கள், ஒரு கவண், தகரத்தில் அடைத்த அவரை ஆகியன இருந்தனவாம். சில நாட்களுள் மைக் ரீக் என்பவர் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். இவ்வாறு ஒரு வாளியிலே தொடங்கிய விளையாட்டு இன்று முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகளாகப் பெருகியிருக்கிறது. அந்தாட்டிக்காவிலும் பெட்டி உண்டு. 2008ஆம் ஆண்டு சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஒன்று வைக்கப்பட்டது.

முன்மாதிரியும் இல்லாமற் போகவில்லை. 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்திலே ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி ஒரு போத்தலை வைத்தார். நெடுந்தூரம் நடந்து அவ்விடத்தை அடைவோர் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டுச் செல்வது வழக்கமாயிற்று. மனிதனுக்கு ஒளிக்கும் ஆசையும் தேடும் ஆசையும் கருவிகளால் வந்தவை அல்லவே!

என் கருத்தைக் கவர்ந்தது இவ்வரலாறு அன்று. மருமகன் சொன்ன வேறொரு செய்தி. அவன் தன் ஊரின் சுற்றுப்புறங்களிலே நானூறு பெட்டிகளுக்கு மேல் ஒளித்து வைத்தவன். "ஒளிக்கிறது ஒரு நாள் வேலை, மாமா. பாக்கிறதுதான் வருசம் முழுக்க வேலை" என்றான்.

நானூறு பெட்டிகளைப் பேணுவது இலேசான காரியமா? முதற் பகை தண்ணீர். மூடி ஓரத்து றப்பரிலே மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் ஈரம் புகுந்து கொப்பியைக் கூழாக்கிவிடும். அடுத்த பகை குளிர். உறைபனியிலே மலிவான பிளாஸ்ரிக் பொரிந்து உடையும். கடலை வெண்ணெய் இருந்த போத்தலைக் கழுவி வைத்தாலும், வாசனையை மோந்துவந்து அணில் கடித்துவிடும். தேடிவருவோரிலும் கவலையற்றவர் உண்டு. மூடியை அரைகுறையாகப் பூட்டுவார்கள், இடம் மாற்றி வைப்பார்கள். ஆகவே ஒளித்தவன் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரியாகப் பேரேடு எழுதவேண்டும். எங்கே, எப்போது வைத்தது, கடைசியாகப் பார்த்தது எந்நாள், கொப்பி மாற்றியது எந்நாள் என்றெல்லாம் அதில் இருக்கும். சனிக்கிழமை தோறும் பசையும் துணியும் புதுக்கொப்பிகளும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்களும் பையிலிட்டுக்கொண்டு புறப்படுவானாம்.

"எல்லாத்திலும் திறமானது ஆமிக்காரர் ரவை வைச்சுக் கழிச்ச இரும்புப் பெட்டிதான். ஒரு சொட்டுத் தண்ணியும்..." என்று உற்சாகமாகத் தொடங்கியவன், என் முகத்தைப் பார்த்து இடையிலே நிறுத்திக்கொண்டான்.

விளையாட்டின் விதிகளையும் சொன்னான். ஒரு பெட்டிக்கும் மற்றதற்கும் இடையே குறைந்தது 161 மீற்றர் இருத்தல் வேண்டும். நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். நிலத்தைக் கிண்டிப் புதைத்தலைப் பொதுவாக விலக்கியிருக்கிறார்கள். பெட்டியிலே குறை காணப்பட்டால் ஒளித்தவன் சென்று திருத்தவேண்டும். திருத்தாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கினால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது. பெட்டியை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவதும் ஒளித்தவன் பொறுப்பே. அமெரிக்காவின் நெவாடா பாலைநிலத்திலே நெடுஞ்சாலையோரமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறார்களாம். அங்கே பழுதானதைத் தேடிவருவோரே எடுத்துவிட்டுப் புதியதை வைத்துச் செல்வதும் உண்டு. அவ்வழக்கம் அவனுக்குப் பிடிக்கவில்லை. "வைச்சவனே பாக்காட்டி அது ஆற்றை பெட்டி?" என்று கேட்டான்.

அவனுக்கும் ஒரு குறை இருந்தது. வேலைப்பளு மிகுந்த ஓராண்டில், நானூறையும் தன்னால் பேண முடியாதென்று உணர்ந்து, நூற்றைம்பதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, ஒவ்வொன்றாக எடுக்கப் போனான். நூற்று முப்பத்தொன்பது கைக்கு வந்தன. பதினொன்று அகப்படவில்லை. வெள்ளம் கொண்டுபோயிற்றோ, வேறெவரும் எடுத்தனரோ, தன் குறிப்பே பிழைத்ததோ, தெரியாது. அந்தப் பதினொன்றின் பட்டியலை இன்னும் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறான். அதைச் சொன்னபோது அவன் குரல் தாழ்ந்தது. பதினொரு வெறும் பெட்டிகளுக்காக நாணப்படும் பிள்ளையை நான் வியப்போடு பார்த்தேன்.

"விருந்தாளியாய் வந்து ஒளிச்சுப்போட்டுப் போகேலாது, மாமா. ஊரிலை இருக்கிற ஒருவர் பாப்பன் எண்டு பொறுப்பெடுக்க வேணும். நீங்கள் எடுப்பீங்களோ?"

உடனே மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை. "நாளைக்குச் சொல்லுகிறேன், தம்பி" என்று எழுந்துவிட்டேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மீள்குடியேறிய முதலாண்டிலே நிகழ்ந்த ஒன்று கண்முன் வந்து நின்றது. வகுப்பிலே பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வாங்கில் இருந்த பதினொரு வயதுப் பையன் ஒருவன் புத்தகப் பையினின்றும் எதையோ எடுத்து அயலானுக்குக் காட்டினான். பச்சை நிறம், பந்தைப் போன்ற உருண்டை. வரும் வழியில் கண்டெடுத்தானாம். "வாங்கிலே மெல்ல வை. கை எடு. எல்லாரும் ஓடாமல் வெளியே நடவுங்கள்" என்று நான் சொன்ன குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பிள்ளைகள் போனபின் நானும் வெளியேறினேன். உரியவர்கள் வந்து எடுத்துச் சென்றனர். ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆயினும் அன்று தொட்டு, எந்த வகுப்புக்குப் போனாலும் முதற்பாடமாக நான் சொல்லும் வாசகம் ஒன்றே: "நிலத்திலே கிடக்கும் அறியாப் பொருளைத் தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவர்க்குச் சொல்." எத்தனையோ ஆண்டு இப்படிச் சொல்லிவிட்டு, இன்று பற்றைக்குள்ளும் மரப்பொந்திலும் இருபது பெட்டிகளை நானே ஒளித்து வைப்பதா?

மறுநாட் காலை விறாந்தையில் இருந்து இதனை அவனுக்குச் சொன்னேன். வன்னியிலே இலட்சக்கணக்கில் ஒளிக்கப்பட்டவை வேறு. போரிட்ட இருதரப்பாரும் மிதிவெடிகளை மண்ணுக்குள் வைத்தார்கள். அவற்றுள் 'ஜொனி' என்று நம்மவர் வழங்கியது மரத்தாலான ஒரு சிறு பெட்டி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மற்றொரு வகை பிளாஸ்ரிக்கால் ஆனது. அதிலே உலோகம் மிகச் சிறிதாகையால் கருவிக்கும் எளிதில் அகப்படாது. 2009 வரை பல ஆண்டுகள் போர் முன்னரங்காக இருந்த முகமாலையிலே முன்னரங்கு நகர நகரப் பழையவற்றின் மேலே புதியவை வைக்கப்பட்டன. அவற்றுக்கெல்லாம் பேரேடு எங்கே? எழுதப்பட்ட குறிப்புகளிற் சில அழிந்தன. பல எழுதப்படவே இல்லை. வைத்த கைகளும் பல இன்று இல்லை. "இங்கேதான் வைத்தேன், இதோ பார்" என்று காட்ட எவர் வருவார்?

அவற்றை எடுப்பவர்கள் வேறு மனிதர். இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவினரும், 2002 முதல் இந்நாட்டிலே பணிசெய்யும் ஹலோ றஸ்ற், மாக் முதலிய நிறுவனங்களைச் சேர்ந்தவர்களும், டாஷ், ஷார்ப் என்னும் உள்நாட்டு நிறுவனத்தாரும் இப்பணியில் ஈடுபட்டிருக்கின்றனர். பணியாளர்களிலே நம்மூர்ப் பெண்கள் பலர். அவர்களுள்ளும் போரிலே கணவரை இழந்தவர்கள் பலர். தடித்த மேலங்கியும் முகத்தை மறைக்கும் கண்ணாடிக் கவசமும் அணிந்து, கொளுத்தும் வெயிலிலே முழந்தாளிட்டு, விறாண்டி போன்ற கருவியால் மண்ணை மெல்ல மெல்ல வறுகி எடுக்கிறார்கள். ஒருவர் ஒரு நாளிலே துப்புரவாக்கும் நிலம் சில சதுர மீற்றர்களே. வைக்க ஒரு நிமிடம். எடுக்க ஒரு தலைமுறை. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. ஒப்பந்தம் 2018 ஜூன் 1ஆந் திகதி இந்நாட்டுக்கு நடைமுறைக்கு வந்தது. நிலத்திலுள்ளவற்றை அகற்றுவதற்கு அது வகுத்த காலம் பத்தாண்டு.

மருமகன் குனிந்த தலை நிமிராமற் கேட்டுக்கொண்டிருந்தான். "இங்கிலாந்திலையும் இப்பிடி ஒண்டு நடந்தது, மாமா. 2011இலை வெதர்பி எண்ட ஊரிலை, ஒருத்தர் வைச்ச பெட்டியைக் குண்டு எண்டு நினைச்சு வெடிக்க வைச்சவை. நாங்கள் அதைப் பகிடியாய்ச் சொல்லுறனாங்கள்" என்றான். சிறிது நேரம் பொறுத்து, "இனிச் சொல்லமாட்டன்" என்றான்.

அப்பொழுதுதான் அம்மா வெளியே வந்தார். அவர் கையிலே எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு இருந்தது.

"ராசா, அம்மம்மாவும் ஒளிச்சனான்" என்றார்.

அம்மா ஒளித்த கதையை ஈழத்து வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. வன்னியிலே ஒளிக்காத குடும்பம் எது? 1996ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியிலே 'சத்ஜய' படை நடவடிக்கை தொடங்கியது. ஷெல் விழ விழ ஊர் எழுந்தது. தூக்க முடிந்ததைத் தூக்கினோம். தூக்க முடியாதவற்றை றங்குப்பெட்டியில் அடுக்கி, பொலித்தீனால் இருமுறை சுற்றி, அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு கிடங்கு வெட்டித் தாட்டோம். குத்துவிளக்கு, செம்புகள், தையல் மெசினின் தலை, அப்பாவின் படம், ஒரு பழைய கொப்பி ஆகியன அதனுள் இருந்தன. கிணற்றுக்கட்டிலிருந்து கிழக்கே எட்டுக் காலடி. இரட்டைப் பனைக்கு நேர். அம்மா இதைக் கடதாசியில் எழுதவில்லை, நெஞ்சிலே எழுதிக்கொண்டார். அக்கராயன் பக்கத்துக் கொட்டில்களிலே கழிந்த ஆறு ஆண்டுகளிலும், இரவிலே படுக்கும்போது திருநீறு பூசியபின் "கிணற்றடி, கிழக்கு, எட்டு" என்று அவர் முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. வளவுக்குள் போகலாம் என்று விட்டபின் சென்று பார்த்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை. ஆனால் கிணறு இருந்தது. இரட்டைப் பனையும் இருந்தது. எட்டாவது காலடியிலே அலவாங்கு 'டங்' என்று ஒலித்தது. விளக்கு கறுத்திருந்தது. கொப்பியின் ஓரம் மட்டும் பழுத்திருந்தது. அன்று அம்மா சிரித்ததுபோல் நான் பின்னர் கண்டதில்லை.

2008ஆம் ஆண்டின் முடிவிலே மறுபடியும் தாட்டோம். அதே இடம், அதே பெட்டி. அதன்பின் கிழக்கே நடந்த நடையையும், முடிவிலே செட்டிகுளத்து முகாமிற் கிடந்த நாட்களையும் எழுத நான் இங்கே புகவில்லை. 2010இல் திரும்பி வந்தபோது வளவைச் சுற்றி மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. எட்டி நின்று பார்த்தோம். பனைகள் இல்லை, பதுங்குகுழிகளுக்குத் தறித்துவிட்டார்கள். கிணறு இருந்த இடம் கல்லும் மண்ணுமாக மேடிட்டிருந்தது. "எட்டு" என்பது அம்மாவின் நெஞ்சில் இருந்தது. எங்கிருந்து எட்டு என்பது நிலத்தில் இல்லை.

சில மாதங்களின் பின், நாங்கள் தறப்பாள் கொட்டிலிலே இருந்தபோது, வெடி அகற்றும் பெண் ஒருத்தி வந்தாள். "அம்மா, உங்கடை வளவுக்கை விளக்கு ஏதும் தாட்டனீங்களோ?" என்று கேட்டாள். உலோகம் என்று கருவி ஒலித்த இடத்தை, வெடியென்றே கருதி, முழந்தாளில் நின்று அங்குலம் அங்குலமாக வறுகியவளுக்கு விளக்கின் தண்டு தெரிந்ததாம். அம்மா பின்பு காலடி வைத்துப் பார்த்துக் குறித்திருந்த இடத்திலிருந்து அது ஏழு மீற்றர் தள்ளி இருந்தது. வைத்தவரின் நினைவே தவறிவிட்டது. வைக்காத ஒருத்தி உயிரைப் பணயம் வைத்து எடுத்துத் தந்தாள்.

றங்குப்பெட்டியின் ஒரு பக்கம் நசுங்கி, தண்ணீர் புகுந்து, துரு அரித்திருந்தது. விளக்கைப் புளி போட்டு மினுக்கினோம், வெளுத்தது. அப்பாவின் படம் வெறும் தாளாயிற்று. கொப்பி சேறாயிற்று. நாலு தலைமுறையாக எங்கள் குடும்பத்திலே பிறந்தோர், இறந்தோர், மணமுடித்தோர் நாள்களையெல்லாம் பாட்டனாரும் பின்னர் அப்பாவும் எழுதிவந்த கொப்பி அது. "விளக்குக் கடையிலை வாங்கலாம், ராசா. அந்தக் கொப்பியை எந்தக் கடையிலை வாங்கலாம்?" என்று அம்மா கேட்டார்.

மருமகன் பதில் பேசவில்லை. நானூறு கொப்பிகளைத் தண்ணீரிலிருந்து காத்தவன் அல்லவா? அவனுக்கு அது விளங்கியது. பெட்டிகளை எடுத்துப் பயணப் பெட்டிக்குள் திரும்ப அடுக்கத் தொடங்கினான்.

பத்தொன்பது அடுக்கியபோது அம்மா தடுத்தார். "ஒண்டை வை, ராசா. ஆனால் ஒளிக்காதை, தெரிய வை."

ஒளிக்காமல் வைப்பது இவ்விளையாட்டுக்கு ஒத்துவருமா என்று நான் ஐயுற்றேன். இடத்தைத் தேடி வருவதும் தேடல்தானே என்றான் அவன். எங்கள் படலையடித் தூணிலே, நிலத்திலே அன்றி நெஞ்சளவு உயரத்திலே, உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடிநிறப் பெட்டியொன்றைப் பொருத்தினோம். அதன் மேலே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இது இன்னது என்று எழுதிய பலகை. அயல் வீடுகளுக்கும் கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே அறிவித்தோம். நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும் என்ற விதிப்படி மருமகன் அம்மாவின் முன் கைகட்டி நின்று அனுமதி கேட்டான். காணி அவர் பெயரிலே இருக்கிறது. "பாக்கிறது ஆர்?" என்று அம்மா கேட்டார். "நான் பார்ப்பேன்" என்றேன். இவ்வாறு எழுபத்தெட்டு வயதுத் தாயின் முன்னே, நாற்பத்தைந்து வயது ஆசிரியன் ஒரு பெட்டிக்குப் பொறுப்பாளியானேன்.

இதுவரை ஒன்பது பேர் வந்து எழுதியிருக்கின்றனர். சைக்கிளிலே இலங்கையைச் சுற்றிய ஜேர்மனியத் தம்பதியர், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வழியில் இறங்கிய இளைஞர் சிலர், விளையாட்டே இன்னதென்று அறியாமல் பெயரெழுதிய எங்கள் தபாற்காரர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். சிங்களத்திலே எழுதப்பட்ட ஒரு வரியைச் சக ஆசிரியர் ஒருவர் படித்துச் சொன்னார்: "கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருந்தது. அம்மாவுக்கு நன்றி." வருவோருக்கெல்லாம் அம்மா செம்பிலே தண்ணீர் கொடுக்கிறார். புதிதாக வெட்டிய கிணறு அது.

பொறுப்பு என்பது சொல்லளவில் எளிது, செயலளவில் அரிது. மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து துடைத்து, றப்பரை அழுத்திப் பார்த்து, மருமகனுக்கு அறிவிக்கவேண்டும் என்பது உடன்பாடு. கார்த்திகை மாரி கொட்டியபோது பரீட்சைத் தாள்களிலே மூழ்கி இரு வாரம் தவறவிட்டேன். திறந்து பார்த்தபோது முதற் பக்கத்து மை கரைந்திருந்தது. ஜேர்மனியரின் பெயர்களிலே ஒன்றை இன்று படிக்க இயலாது. வீட்டுப் படலையிலே, கண்ணெதிரே இருக்கும் ஒரே ஒரு பெட்டி! அதனைக்கூட நான் தவறவிட்டேன் என்றால், ஒளித்துவிட்டு மறந்துபோவது மனிதருக்கு எவ்வளவு எளிது என்பதை வேறு எவர் எனக்குச் சொல்லவேண்டும்? கொப்பியை அடுப்படிச் சூட்டிலே உலர்த்தி, நடந்ததை நடந்தபடியே அவனுக்கு எழுதினேன்.

வகுப்பிலே மாணவருக்கு இவ்விளையாட்டைச் சொன்னேன். தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவர்க்குச் சொல் என்ற பழைய பாடம் அப்படியே இருக்கிறது, இருந்தே ஆகவேண்டும். அதனோடு மற்றொன்றையும் சேர்த்துச் சொல்லுகிறேன். ஒரு பொருளை ஒளிப்பவன் கடனாளி ஆகிறான். இடத்தை எழுதிவைப்பது முதற் கடன். இடையிடையே சென்று பார்ப்பது இரண்டாங் கடன். தன்னால் பார்க்க முடியாத நாள் வரும்போது தானே எடுத்துவிடுவது மூன்றாங் கடன். இம்மூன்றையும் ஏற்க இயலாதவன் ஒளிக்கக்கூடாது. பெட்டிக்கும் இது பொருந்தும். பெட்டியினும் பெரியவற்றுக்கும் பொருந்தும். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி, "சேர், அப்ப வெடி வைச்சவைக்கும் பட்டியல் இருந்திருக்க வேணுமெல்லோ?" என்று கேட்டாள். "இருந்திருக்க வேண்டும், பிள்ளை" என்றேன். அதற்குமேல் அன்றைய பாடத்திலே எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டிலே இப்பொழுது புதுக் கொப்பி ஒன்று இருக்கிறது. மாலையிலே விளக்கேற்றியபின் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். பாட்டனாரின் தமையன் பெயர், அவர் பிறந்த மாதம், நட்சத்திரம், சின்னம்மையில் இறந்த பிள்ளையின் பெயர் என்று நாளுக்கு இரண்டு மூன்று நினைவுக்கு வருகின்றன. ஆண்டு பல இடத்திலே தெரியவில்லை. அங்கே இடம் விட்டு எழுதுகிறோம். எழுதி முடிந்ததும் ஒரு பிரதி ஸ்காபரோவுக்குப் போகும். ஒரே இடத்தில் வைத்திருந்ததால் அன்றோ முன்னையது அழிந்தது?

பனி கரைந்தபின் மருமகன் கடிதம் எழுதியிருந்தான், தமிழிலேயே எழுதியிருந்தான். தவறிப்போன பதினொரு பெட்டிகளையும் மறுபடி தேடப் புறப்பட்டானாம். இரண்டு அகப்பட்டனவாம், ஒன்று விழுந்த மரத்தின் அடியிலே, மற்றது ஓடைக்கரைச் சேற்றிலே. இன்னும் ஒன்பது இருக்கின்றன. விடமாட்டேன் என்று முடித்திருந்தான்.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தேடட்டும்" என்றார் அம்மா.